மேஜையில் கூடும் குறி, நின்று சுட்டால் ஏன் சிதறுகிறது? வேட்டை ரைஃபிளும் உடம்பின் நிலையும்

உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க முதலில் அதைத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய .308 போல்ட் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் பின்பூட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் வேட்டைத் துப்பாக்கி. 100 மீட்டரில், மேஜையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டால் மூன்று குண்டுகளும் நான்கு சென்டிமீட்டருக்குள் விழுகின்றன. அதே துப்பாக்கியை, அதே தோட்டாவோடு, எழுந்து நின்று சுட்டால் இலக்காக வைத்த பெரிய தட்டில்கூடப் பாதிதான் படுகின்றன. ஒருவர் ‘உடம்பைப் பக்கவாட்டில் திருப்பு, இடது முழங்கையை இடுப்பில் ஊன்று’ என்கிறார். இன்னொருவர் ‘இலக்குக்கு நேராகத் திரும்பி முன்னால் சாய்ந்து நில்’ என்கிறார். யார் சொல்வது சரி, காலை எங்கே வைப்பது என்று கேட்கிறீர்கள். கால் வைக்கும் இடம் இந்தக் கேள்வியின் ஒரு ஓரம்தான். மேஜையும் மணல்மூட்டையும் இதுவரை செய்துவந்த வேலையை இனி உங்கள் உடம்பில் எது செய்யப்போகிறது என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. இருபது வருடங்களுக்கு மேலாகச் சுடுதளத்தில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் எழுதுவதால், உங்கள் உயரத்துக்கும் துப்பாக்கியின் அளவுக்கும் ஏற்றபடி சிலவற்றை நீங்களே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வலக்கைப் பழக்கம் என்று வைத்து எழுதுகிறேன். இடக்கைக்காரர் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

நிலை பற்றிப் பேசும் முன் மூன்று விஷயங்கள். சுடத் தீர்மானிக்கும் கணம் வரை விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். குழல்முனை எப்போதும் ஆளில்லாத திசையைப் பார்த்திருக்க வேண்டும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடவே கூடாது, ஏனென்றால் உங்கள் துப்பாக்கியின் குண்டு தடுப்பாரில்லாமல் பறந்தால் சில கிலோமீட்டர் போகும். காதுக்கும் பாதுகாப்பு வேண்டும். வேட்டை ரைஃபிளின் வெடிச் சத்தம் 150 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். ஒரே ஒரு வெடிகூடக் கேட்கும் திறனை நிரந்தரமாகக் குறைத்துவிடலாம். இதை இங்கே சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காதை மூடாமல் சுடுகிறவர் துப்பாக்கியைக் கண்டு அஞ்சத் தொடங்குகிறார், அந்த அச்சம் நேராக அவர் டிரிகர் விரலுக்குப் போய்ச் சேர்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் துப்பாக்கி ஏறக்குறைய 1.1 மீட்டர் நீளம். பின்கட்டை (தோளில் வைக்கும் பகுதி) தோளில் அசையாமல் இருக்க, குழல்முனை மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டரில் குண்டு சுமார் ஒன்பது சென்டிமீட்டர் தள்ளிப் படும். ஒரு மில்லிமீட்டர் என்பது விரல் நகத்தின் தடிமனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குதான். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி 15 முதல் 20 சென்டிமீட்டர் அகலம்தான். அதாவது நடுவில் குறி வைத்தவருக்கு, எந்தப் பக்கமும் ஒரு மில்லிமீட்டர் விலகலுக்குத்தான் இடம் இருக்கிறது. நின்ற நிலையில் அந்த அளவுக்குள் குழலை நிறுத்தி வைக்க நெடுநாள் பயிற்சி வேண்டும். உலகத்தில் யாருக்கும் துப்பாக்கி அசையாமல் நிற்பதில்லை. மூச்சும் நாடித்துடிப்பும் தசையின் சிறு நடுக்கமும் இருந்துகொண்டேதான் இருக்கும். அசைவைச் சின்னதாக்குவதும், அது ஒரே இடத்தைச் சுற்றி வரும்படி செய்வதும்தான் நம் கையில் இருக்கிறது. அதனால் நின்று சுடும்போது உங்கள் குறி சிதறுவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அடிப்படை. தசை களைக்கும், நடுங்கும், எலும்பு களைக்காது. துப்பாக்கியின் எடை எலும்பு வழியாகத் தரைக்கு இறங்கினால் அசைவு குறையும். தசையைப் பிடித்து இறுக்கித் தூக்கிக்கொண்டிருந்தால், ஐந்தாவது நொடியில் குழல்முனை வட்டம் போட ஆரம்பித்துவிடும். நின்று சுடுகிற புதியவர்களில் பெரும்பாலோர் இடது முழங்கையை வெளியே விரித்துப் பிடிப்பார்கள். அப்போது நான்கு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் துப்பாக்கியை வெறும் தோள்தசைதான் தாங்குகிறது. முழங்கையைத் துப்பாக்கிக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். விலா எலும்புகளை ஒட்டினாற்போல இருந்தால் இன்னும் நல்லது. முன்கை செங்குத்துக்கு நெருக்கமாக வந்ததுமே எடை பாதியாகிவிட்டது போல உணர்வீர்கள். இடது உள்ளங்கை, குழலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டையைத் தாங்கினால் போதும், விரல்களால் நெரிக்க வேண்டாம். விரல் நுனி வெளுத்துப் போயிருந்தால் நெரிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. சுடுதளத்தில் நான் முதல் நாளே கற்றுக்கொடுப்பது இதைத்தான். நிலை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி காலியாக இருக்கட்டும். போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோட்டை இலக்கின் மேல் வையுங்கள். கண்ணை மூடுங்கள். இரண்டு முறை மூச்சை இழுத்து விட்டு, தோளையும் இடுப்பையும் தளர விடுங்கள். கண்ணைத் திறங்கள். குறுக்குக்கோடு இப்போது எங்கே இருக்கிறதோ, அதுதான் உங்கள் உடம்பு இயல்பாகப் பார்க்கும் திசை. இலக்குக்கு ஒரு சாண் வலது பக்கம் போயிருந்தால், இத்தனை நேரமும் தசையின் பலத்தில் துப்பாக்கியை இடது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். டிரிகர் விழும் கணத்தில் மனம் வேறு இடத்துக்குப் போகும், தசை தளரும், துப்பாக்கி தன் இயல்பான திசைக்கே திரும்பும், குண்டும் அங்கேதான் போகும். இதைச் சரிசெய்யக் கையை அசைக்கக் கூடாது. பாதத்தை அசைக்க வேண்டும். வலது பக்கம் போயிருந்தால், முன்னால் இருக்கும் இடது காலை நிலையாக வைத்துக்கொண்டு, வலது காலைச் சற்றே நகர்த்தி உடம்பு முழுவதையும் இடது பக்கம் திருப்புங்கள். மறுபடி கண்ணை மூடுங்கள், திறங்கள். இரண்டு மூன்று தடவையில் குறுக்குக்கோடு தானாகவே இலக்கில் வந்து நிற்கும். முதல்முறை அப்படி வந்து நிற்கும்போது ஏற்படும் ஆச்சரியத்தைப் பலர் முகத்தில் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றும் அது சலிக்கவில்லை. காலை எங்கே வைப்பது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தச் சோதனைதான். கால் எங்கே இருக்க வேண்டும் என்று குறுக்குக்கோடு உங்களுக்குச் சொல்லும்.

அந்த இரண்டு பேருக்கும் இடையே யார் சரி? இருவருமே சரி, ஆனால் வேறு வேறு வேலைக்கு. இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி, உடம்பை இலக்குக்கு ஏறத்தாழச் செங்குத்தாகத் திருப்பி, முதுகைக் கொஞ்சம் பின்னால் வளைத்து நிற்பது ஒலிம்பிக் போட்டிக்காரர்களின் நிலை. அவர்கள் 50 மீட்டரில் சுடும் .22 துப்பாக்கி (மிகச் சிறிய தோட்டா போடுவது) எட்டு கிலோ வரை இருக்கலாம், உதை, அதாவது சுட்டதும் துப்பாக்கி பின்னால் தள்ளுவது, என்று சொல்ல ஒன்றும் இருக்காது. முதுகைத் தாங்க விறைப்பான ஜாக்கெட் போட்டிருப்பார்கள். அவர்கள் குறிவைக்கும் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர் அகலம்தான். ஒவ்வொரு குண்டுக்கும் ஆற அமர நேரம் எடுத்துக்கொள்ளலாம். இடுப்பெலும்பின் மேல் கை, கையின் மேல் துப்பாக்கி என்று எலும்பு அடுக்கப்படுவதால் அசையாமை என்ற ஒன்றில் அதற்கு இணையான நின்ற நிலை இல்லை. ஆனால் அதே நிலையில் .308-ஐச் சுட்டால், பின்னால் சாய்ந்திருக்கும் உடம்பை உதை மேலும் பின்னால் தள்ளும். இரண்டாவது குண்டுக்குத் தயாராக நேரம் ஆகும். விலங்கு நடந்தால் கூடவே திரும்புவதும் கடினம். நேருக்கு நேர் நிற்பது இதற்கு மறுகோடி. உதையைத் தாங்கவும், திரும்பவும், மறுபடி சுடவும் அது நன்றாக இருக்கும். ஆனால் இடது கையைத் தாங்க எலும்பு எதுவும் கிடைக்காது.

வேட்டை ரைஃபிளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இரண்டுக்கும் நடுவில் இருப்பது. இடது தோள் முன்னால் வர, உடம்பு இலக்கோடு 45 டிகிரியில் ஆரம்பித்து 60 டிகிரி வரை திரும்பியிருக்கலாம். பாதங்கள் தோள் அகலம். முழங்கால் பூட்டிக்கொள்ளாமல், ஆனால் மடங்காமலும் இருக்கட்டும். எடை கொஞ்சம் முன்காலில். மூக்கு இடது கால் பெருவிரலுக்கு மேலே வருகிற அளவுக்கு மட்டும் முன்சாய்வு. நேரம் இருக்கிறது, விலங்கும் அசையாமல் நிற்கிறது என்றால் இன்னும் பக்கவாட்டில் திரும்பி முழங்கையை விலாவில் ஒட்டிக்கொள்ளலாம். இந்த டிகிரிக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல பயிற்சியாளர்களே இதில் ஒத்துப்போவதில்லை. இடுப்பு அகலமானவருக்கும் கை நீளமானவருக்கும் ஒரே கோணம் பொருந்தாது என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

துப்பாக்கி உடம்போடு சேரும் இடங்களில் சந்தேகத்துக்கு இடமில்லை. பின்கட்டை தோளின் குழிவில், காறை எலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உள்பக்கமாக அமர வேண்டும். தோள் மூட்டின் மேலோ மேல்கையின் தசையிலோ வைத்துச் சுட்டவருக்கு மறுநாள் நீலம் பாய்ந்திருக்கும். வலது முழங்கையைச் சற்றே உயர்த்தினால் அந்தக் குழிவு ஆழமாகும். எவ்வளவு உயர்த்துவது என்பது அவரவர் வசதி. துப்பாக்கியைத் தோளுக்கு இழுப்பது வலது கையின் கடைசி மூன்று விரல்கள். ஒருவரோடு உறுதியாகக் கை குலுக்கும் அளவு பிடி போதும். கன்னம் கட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிய வேண்டும். இங்கே நிறையப் பேர் தவறு செய்வதைப் பார்க்கிறேன். தலையைத் துப்பாக்கியிடம் கொண்டுபோகிறார்கள், கழுத்து ஆமை போல முன்னால் நீள்கிறது. தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு துப்பாக்கியைக் கன்னத்துக்கு ஏற்றுங்கள். ஸ்கோப்பில் படம் முழு வட்டமாக, ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிய வேண்டும். பிறை போல நிழல் தெரிந்தால் கண் நடுவில் இல்லை. கழுத்தை நெளிக்காமல் அந்த முழு வட்டம் கிடைக்கவே மாட்டேன் என்றால் பிரச்சினை உங்களிடம் இல்லை, கட்டையின் உயரமோ நீளமோ ஸ்கோப் பொருத்திய இடமோ உங்களுக்குப் பொருந்தவில்லை. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே பெரும்பாலும் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எங்கள் தளத்தில் ஒரு இளைஞர், மேட்டை நோக்கிச் சுடப் படுத்தபோது கழுத்தை முன்னால் நீட்டி, கண்ணை ஸ்கோப்புக்கு அருகில் கொண்டுபோய்விட்டார். ஒரே உதை. புருவத்துக்கு மேல் பிறை வடிவத்தில் வெட்டு, மூக்கின் வழியாக ரத்தம். காயம் ஒரு வாரத்தில் ஆறியது. டிரிகரைத் தொடும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடும் பழக்கம் போக ஆறு மாதம் ஆனது.

உதையைப் பற்றி ஒரு உண்மை பலருக்குத் தெரிவதில்லை. தோட்டா வெடித்து, குண்டு குழலை விட்டு வெளியேற ஒன்றரை மில்லிநொடி கூட ஆகாது. அதற்குள் உங்கள் துப்பாக்கி பின்னால் நகர்வது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான். நீங்கள் தோளில் உணரும் பெரிய தள்ளு முழுவதும் குண்டு போன பிறகு நடப்பது. ஆகவே உதை உங்கள் குறியைக் கெடுப்பது அபூர்வம். உதை வரப்போகிறதே என்று உடம்பு முன்கூட்டியே சுருங்குவதுதான் கெடுக்கிறது. தோள் முன்னால் தள்ளும், கை கீழே அமுக்கும், கண் மூடும். எல்லாம் ஒரு நொடியின் சிறு பங்கில். சுடுகிறவருக்கே அது தெரியாது, ஏனென்றால் வெடியும் உதையும் வந்து அதை மறைத்துவிடும். மறைவை விலக்க எளிய வழி, வெடிக்காத போலித் தோட்டா. நம்பகமான ஒருவரை நிறுத்தி, நீங்கள் பார்க்காமல் அவர் சில தடவை உண்மைத் தோட்டாவும் சில தடவை போலித் தோட்டாவும் நிரப்பித் தரட்டும். தான் ஒருபோதும் பயந்ததில்லை என்று உறுதியாகச் சொன்ன ஒருவருக்கு நான் இதைச் செய்தேன். மூன்றாவது தடவை போலி. டிரிகரை இழுத்தார். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. வெடிக்காத துப்பாக்கியின் குழல்முனை நான்கு விரற்கடை கீழே குத்தி நின்றது. அவர் துப்பாக்கியை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “இது எத்தனை நாளா நடக்குது சார்?” என்று கேட்டார். எத்தனை நாளாக என்று யாரால் சொல்ல முடியும்! உங்கள் சிதறலில் கணிசமான பங்கு இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். உங்கள் குண்டுகள் வட்டமாகச் சிதறாமல் பெரும்பாலும் கீழேயே விழுகின்றன என்றால் ஊகம் வலுக்கும். மேஜையில் நன்றாகச் சுடுவதால் மட்டும் இது உங்களுக்கு இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது, ஏனென்றால் மணல்மூட்டை பல தவறுகளை விழுங்கிக்கொள்ளும்.

டிரிகரை ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதைப்பகுதியால், நேர் பின்னால் அழுத்த வேண்டும். கை முழுவதும் சேர்ந்து இறுகக் கூடாது. அந்த ஒரு விரல் மட்டும் வேலை செய்யட்டும். குறுக்குக்கோடு இலக்கைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும்போது, ‘இதோ நடுவில் வந்துவிட்டது, இப்போது!’ என்று வெடுக்கென்று இழுக்கும் ஆசை வரும். நின்று சுடுவதில் அதை விடப் பெரிய எதிரி எனக்குத் தெரிந்து இல்லை. ஆட்டம் இலக்கின் எல்லைக்குள் இருக்கும்வரை அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போங்கள், வெளியே போனால் அழுத்தத்தை அப்படியே நிறுத்திப் பிடியுங்கள், உள்ளே வந்ததும் தொடருங்கள். எந்த நொடியில் வெடிக்கும் என்று உங்களுக்கே துல்லியமாகத் தெரியாமல் இருப்பது நல்லது. வெடித்த பிறகும் டிரிகரைப் பின்னால் பிடித்தபடியே, கன்னத்தை எடுக்காமல், ஸ்கோப் வழியாகவே பார்த்துக்கொண்டிருங்கள். குண்டு எங்கே பட்டது என்று பார்க்கத் தலையைத் தூக்கும் அவசரம், சில நாட்களில் வெடிக்கும் முன்பே தலையைத் தூக்கும் பழக்கமாக மாறிவிடும்.

மூச்சு எளிது. இயல்பாக மூச்சு விட்ட பின், அடுத்த மூச்சுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி தானாகவே வரும். அந்த இடைவெளியை ஐந்தாறு நொடி நீட்டி, அதற்குள் சுடுங்கள். பாதி மூச்சு உள்ளே இருக்கட்டும் என்பார் சிலர், முழுக்க விட்டுவிடு என்பார் சிலர். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால் போதும். எட்டு நொடிக்குள் வெடிக்கவில்லை என்றால் விரலை எடுத்து, மூச்சு வாங்கி, முதலிலிருந்து தொடங்குங்கள். அதற்கு மேல் பிடித்தால் நடுக்கம் கூடும், பார்வையும் மங்கும், அப்போதுதான் வெடுக்கென்று இழுப்பீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வேட்டையில் நின்று சுடுவது கடைசி வழி. உடம்பு தரைக்கு எவ்வளவு அருகில் போகிறதோ, எத்தனை இடங்களில் தரையைத் தொடுகிறதோ, அவ்வளவு ஆட்டம் குறையும். படுத்துச் சுடுவதே மிக உறுதியான நிலை. ஆனால் புல்லும் புதரும் உள்ள இடத்தில் படுத்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. உட்கார்ந்து சுடுவதை வேட்டைக்காரர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இரண்டு முழங்காலையும் உயர்த்தி, குதிகாலை மண்ணில் ஊன்றி, இரண்டு முழங்கையையும் முழங்கால்களுக்குச் சற்று முன்னால் பதித்தால், புல்லுக்கு மேலேயும் பார்க்கலாம், படுத்தது போன்ற உறுதியில் பெரும்பகுதியும் கிடைக்கும். மண்டியிட்டுச் சுடும்போது ஒரு எச்சரிக்கை: முழங்கையின் கூர்முனையை முழங்கால் சில்லின் மேல் வைக்கக் கூடாது. இரண்டு உருண்டை எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே இருக்கும். முழங்கைக்கு மேலே உள்ள கைச்சதையை முழங்காலுக்கு முன்னால் பதியுங்கள். படுத்துச் சுடும்போது உடம்பு உதையோடு நகர முடியாது, கண்ணும் இயல்பாகவே ஸ்கோப்புக்கு அருகில் போகும்; அந்த இளைஞரின் புருவத்தை நினைவில் வையுங்கள். துப்பாக்கியின் தோள்வாரை இடது மேல்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினால் இந்தத் தாழ்ந்த நிலைகள் எல்லாமே மேலும் உறுதியாகும். முழங்கைக்குக் கீழே தாங்கல் இல்லாத நின்ற நிலையில் வாரால் கிடைக்கும் பயன் குறைவு.

நின்றுதான் ஆக வேண்டும் என்றால், எதையாவது தாங்கலாக்குங்கள். துப்பாக்கியைத் தாங்கும் மூன்று கால் சுடுகோல் ஒன்றே உங்கள் சிதறலைப் பாதியை விடவும் குறைவாக்கலாம். மரம் இருந்தால் இடது உள்ளங்கையை மரத்தில் ஊன்றி, விரித்த கட்டைவிரலின் மேல் முன்கட்டையை வையுங்கள். பாறையோ மரக்கிளையோ இருந்தால் துப்பாக்கியை நேராக அதன் மேல் வைக்கக் கூடாது. கடினமான பரப்பில் துப்பாக்கி வெடிக்கும்போது துள்ளும், குண்டு பெரும்பாலும் மேலே போகும். இடையில் ஒரு பையோ, மடித்த சட்டையோ, உங்கள் கையோ இருக்கட்டும். குழலை மட்டும் எதன் மேலும் சாய்க்காதீர்கள். குழல் வெடிக்கும்போது அதிர்கிறது, அந்த அதிர்வைத் தடுத்தால் குண்டு படும் இடமே மாறிவிடும். தாங்குவது எப்போதும் முன்கட்டையாகவே இருக்க வேண்டும்.

கருத்து வேறுபாடு உள்ள இன்னொரு விஷயம், இரண்டு கண்ணையும் திறந்து சுடுவதா என்பது. திறந்து வைத்தால் முகத்தசை இறுகாது, பக்கத்தில் நடப்பதும் தெரியும். எனக்கு அதுவே பிடிக்கும். ஆனால் முதலில் உங்கள் ஆதிக்கக் கண் எது என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன முக்கோண ஓட்டை விட்டு, தூரத்துப் பொருள் ஒன்றை இரண்டு கண்ணாலும் அதன் வழியே பாருங்கள். கண்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுவே ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமாக இருப்பது அரிதல்ல. அப்படி இருந்தால் ஸ்கோப் வைத்த ரைஃபிளில் இடது கண்ணை மூடிக்கொண்டு சுடலாம், தப்பே இல்லை. புதிதாகக் கற்பவராக இருந்தால் இடது தோளுக்கு மாறிப் பார்க்கச் சொல்வேன்.

பயிற்சிக்கு வருகிறேன். தினமும் பத்து நிமிடம், காலித் துப்பாக்கி, அதே அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பாதுகாப்பான சுவரில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி ஒட்டி, ஸ்கோப்பைக் குறைந்த பெருக்கத்தில் வைத்து, நின்று குறிவைத்து டிரிகரை இழுங்கள். டிக் என்ற சத்தம் கேட்ட கணத்தில் குறுக்குக்கோடு எங்கே இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் .308 போன்ற துப்பாக்கிகளில் இப்படிக் காலியாக அடிப்பதால் பொதுவாகக் கெடுதல் இல்லை; .22 துப்பாக்கிகள் சிலவற்றில் தோட்டாவை அடிக்கும் ஊசி பழுதாகும், அவற்றுக்குப் போலித் தோட்டா போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தடவையில் பதினைந்து இருபது போதும், களைத்த கையோடு பழகினால் களைத்த கையின் தவறுகள்தான் பதியும். சுடுதளத்தில் முடிந்தவரை .22-இல் நின்று சுடுங்கள். உதை இல்லாததால் உங்கள் தவறு மட்டும் தனியாகத் தெரியும். .308-இல் ஒரு நாளைக்கு இருபது குண்டுக்கு மேல் வேண்டாம்.

பிறகு உங்கள் எல்லையை அளந்துகொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள காகிதத் தட்டை 25 மீட்டரில் வைத்து, நின்று, தாங்கல் இல்லாமல் ஐந்து குண்டு. ஐந்தும் உள்ளே பட்டால் 50 மீட்டர், அடுத்து 75. ஐந்தில் ஒன்று வெளியே போன தூரம் உங்களுக்கு அதிகம்; அதற்கு முந்தைய தூரமே உங்கள் நின்ற நிலையின் எல்லை. நடந்து மூச்சு வாங்கும்போதும், விலங்கைப் பார்த்து நெஞ்சு படபடக்கும்போதும் அது இன்னும் சுருங்கும். என் மாணவர்களில் நன்றாகச் சுடுகிறவர்கள்கூட தாங்கல் இல்லாமல் 75 மீட்டருக்கு மேல் விலங்கை நோக்கிச் சுடுவதில்லை, அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன். வயிற்றில் குண்டு வாங்கிய மான் ஓடிப்போய் எங்கோ புதரில் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதைத் தேடி நடந்த ஒரு இரவு எனக்கும் உண்டு.

ஒரு மாதம் கழித்து மறுபடி 50 மீட்டரில் தட்டை வையுங்கள். கையைச் சூடாக்க எந்தப் பயிற்சிக் குண்டும் வேண்டாம். தளத்துக்குப் போனதும் சுடும் முதல் குண்டு எங்கே பட்டது என்பதை மட்டும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பத்து நாள் பத்து முதல் குண்டுகள் சேர்ந்ததும் இங்கே வந்து எழுதுங்கள். எல்லாம் கீழேயா, ஒரு பக்கமாகவா, சுற்றிலுமா என்று சொன்னால், காலையா விரலையா எதை மாற்றுவது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.